சாம்பிள் ரேட் கோளாறு: மென்பொருள் எதுவரை கைகொடுக்கும்?

ஆடாசிட்டி, ரீப்பர், ஐசோடோப் ஆர்எக்ஸ் ஆகிய ஒலித்திருத்த மென்பொருள்கள் மூன்றும் கச்சேரிப் பதிவுகளைச் சரிசெய்ய நெடுநாளாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. டிஜிட்டல் பதிவில் ஒலியை அளந்து வைக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள், நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பதே சாம்பிள் ரேட். கோப்பின் தலைப்பில் (ஹெடர்) அந்த ரேட் எண் மட்டும் தப்பாக இருந்தால் எதுவும் நட்டமில்லை. சாம்பிளே தொலைந்திருந்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) பதிவானது 44.1 என்று குறிக்கப்பட்டு ஓடினால், ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடம் 18 நொடிக்கு இழுக்கும். 5 கட்டைச் சுருதி 4-க்கும் 4½-க்கும் நடுவே போய் நிற்கும். ஆடாசிட்டியில் டிராக் மெனுவில் உள்ள 'ரேட்'டை 48000 ஆக்கி, ஏற்றுமதியிலும் அதையே வைத்தால் போதும். 'ரீசாம்பிள்' பக்கம் போகக் கூடாது. அது தப்பான சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு சாம்பிள்களை மட்டும் மாற்றி எழுதும். எம்பி3 என்றால் முதலில் வேவ் ஆக்க வேண்டும். அதன் ஒவ்வொரு ஃப்ரேமும் (கோப்பின் சிறு துண்டும்) ரேட்டைப் பொறுத்தே பிரித்துப் படிக்கப்படுவதால், தலைப்பை மட்டும் மாற்றினால் ஒலியே சிதையும்.

பாடகரின் சுருதி தெரியாத பழைய பதிவா? மின்சார இரைச்சலைப் பாருங்கள். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வரைபடத்தில்) 46-ஐ ஒட்டித் தெரிந்தால் 48-ஐ 44.1 ஆக வாசிக்கிறோம், 54.4 என்றால் நேர்மாறு. காதை விட நம்பகமான சாட்சி இது.

யாராவது சுருதியை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் 'டைம் ஸ்ட்ரெட்ச்' செய்து வைத்திருந்தால் சிக்கல்தான். மிருதங்கச் சொற்களின் முனை மழுங்கியிருக்கும். எதிர்த்திசையில் திருப்பினாலும் கூர்மை வராது.

இரு கருவிகளின் கிளாக்குகளையும் (சாம்பிள் எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் கடிகாரம்) ஒன்றோடொன்று பூட்டாமல் டிஜிட்டல் இணைப்பில் பதிவு செய்ததில் நொடிக்கொரு 'டிக்' கேட்கும். இரு கிளாக்குகளுக்கும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வித்தியாசம் இருந்தாலே 48000-ல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் விடுபடும், அல்லது இரட்டிக்கும். ஆர்எக்ஸின் 'டி-கிளிக்' சத்தத்தை அழகாக மறைக்கும். ஆனால் அது பக்கத்துச் சாம்பிள்களை வைத்துப் போடும் ஊகம், காலக்கணக்கை நேராக்காது.

ரேட்டில் பாதிக்கு மேலான ஒலியை முதலில் வடிகட்டாமல் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிய பேச்சுக்கு மருந்தே இல்லை. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி 3-ல் மடிந்து விழுந்து, அங்கே ஏற்கெனவே இருப்பதோடு கலந்துவிடும். மூலப் பதிவைத் தேடுவதே வழி.

ஒரே கச்சேரியைப் பதிந்த இரு ரெக்கார்டர்கள் 30 பிபிஎம் விலகினால் மணிக்கு 108 மில்லிநொடி பிசகும். ரீப்பரில் 'பிரிசர்வ் பிட்ச்'சை (சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) அணைத்து, ஒரு பதிவின் நீளத்தை மாற்றி, தொடக்கத்தையும் முடிவையும் பொருத்துங்கள். வெப்பநிலை மாறியதால் நடுவில் விலகுகிறதென்றால், பாட்டுக்குப் பாட்டு வெட்டி, கைதட்டல் இடைவெளியில் தனித்தனியாகப் பொருத்துங்கள்.