ஆறு வாரத் தூக்கப் பயிற்சி: தூக்கம் வந்தது, கணக்குத்தான் இடிக்கிறது

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊரில், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றைச் சீர்செய்து மனநல ஆலோசனை நிலையம் நடத்துகிறார்கள். வாரம் ஒரு நாள் என்று ஆறு வாரம் நடக்கும் தூக்கமின்மைப் பயிற்சிக்கு ரூ. 6,000 கட்டி, சென்ற மாதம் முடித்தேன். நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என் கண் எதில் போய் நிற்கும் என்பதை வாசிப்பவர்கள் முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியை நடத்தும் உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் முறையாகப் பதிவு செய்தவர். சான்றிதழைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் காட்டினார். கற்பித்த முறையும் அடிப்படை உள்ளது. தூக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடத்துக்குள் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். நான் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறேன் என்பதைத் தூக்கக் குறிப்பேட்டில் கண்டுபிடித்து, இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கவே கூடாது, ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். இரண்டு வாரம் உயிர் போய்த் திரும்பியது. பிறகு தூக்கம் தானாக இறுகியது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த நடத்தைசார் சிகிச்சையைத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்த அளவில் கொடுத்த பணத்துக்குக் குறையில்லை. (தூக்கம் வராதவர்கள் கூட்டத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் பித்தளை டபராவில் திக்கான காபி கொடுத்ததை மட்டும் என்னால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை. காபி அருமையாக இருந்தது என்பது வேறு விஷயம்.)

என் மனக்குறை முகப்பில் மாட்டியிருந்த பதாகையைப் பற்றியது. ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது, பத்தில் ஒன்பது பேருக்குப் பலன்’ என்று அதில் எழுதியிருந்தது. யார், எப்போது, எப்படி நிரூபித்தார்கள் என்று கேட்டபோது, இங்கே பயிற்சி பெற்றவர்கள் முதல் நாளும் கடைசி நாளும் நிரப்பிய படிவங்களிலிருந்து எடுத்த கணக்கு என்றார்கள்.

அந்தப் படிவம் உலகெங்கும் பயன்படும் ஒன்றுதான். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 28. 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய தூக்கமின்மை. முதல் நாள் எனக்கு 19 வந்தது. கடைசி நாள், ஆத்தங்குடிக் கல் பதித்த உள்முற்றத்து வளவில் எங்களை வரிசையாக உட்காரவைத்து அதே படிவத்தைக் கொடுத்தார்கள். ஆறு வாரம் அன்பாகப் பேசிப் பழகிய உளவியலாளர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ‘தூக்கம் குறித்து எவ்வளவு திருப்தி’ என்ற கேள்வியில் (எண் குறைந்தால் திருப்தி கூடுதல்) என் பேனா 2இன் மேல் போய் நின்றது, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன், 1ஐச் சுழித்தேன். மொத்தம் 9 வந்தது. அன்றிரவே வீட்டில் தனியாக உட்கார்ந்து அதே படிவத்தை மறுபடியும் நிரப்பியபோது 13 வந்தது. ஒரே நாள், ஒரே ஆள், நான்கு மதிப்பெண் வித்தியாசம். அந்த நான்கும் தாட்சண்யத்தின் விலை. படிவத்தை வாங்குபவரும் சிகிச்சை கொடுத்தவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று ஆய்வு முறையில் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

சரி, 13 என்றே வைத்துக்கொள்வோம். 19இலிருந்து 13க்கு இறங்கியது பயிற்சியால்தானா? நான் சேர்ந்தது என் தூக்கம் மிக மோசமாக இருந்த வாரத்தில். யாரும் ஓரளவு தூங்கும்போது ஆறாயிரம் ரூபாயைத் தூக்கிக்கொண்டு போய் இப்படிச் சேர்வதில்லை. உச்சத்தில் அளந்த எதுவும் அடுத்த முறை அளக்கும்போது பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கியிருக்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருப்பதைப் பார்த்து 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதிய அதே விஷயம்தான் இது. போதாக்குறைக்கு, மூன்றாம் வாரத்தில் மகள் வீட்டுப் பிரச்சினை ஒன்றும் தீர்ந்துவிட்டது. தூக்கம் வந்ததற்கு எதற்கு எவ்வளவு பங்கு என்று என் ஒருவனை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இதற்கு வழி, பயிற்சி பெறாத ஒரு குழுவையும் கூடவே அளப்பது. மனநலச் சிகிச்சை ஆய்வில் இந்தச் சண்டை பழையது. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், நரம்புத்தளர்ச்சி என்று அன்று சொல்லப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதிப் பெரிய புயலைக் கிளப்பினார். அவருடைய கணக்கைப் பலர் குறைகூறினார்கள். ஆனால் ஒப்பீடு இல்லாமல் பலனைப் பற்றிப் பேச முடியாது என்ற கேள்வியிலிருந்து யாராலும் தப்ப முடியவில்லை. 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் திரட்டி, சிகிச்சை பெற்றவர்களின் சராசரி, பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட மேலான நிலையில் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒப்பீட்டுக் குழுக்கள் இருந்ததால்தான் அந்த விடையைச் சொல்ல முடிந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும், நம்மால் முடியுமா என்பவர்கள் கோவாவைப் பார்க்கலாம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ள 495 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு கூடுதலாக உளச்சிகிச்சை கொடுத்தார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர் தேறினார்கள். அந்த 39ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது இல்லாமல் 64ஐ மட்டும் ஒரு பதாகையில் எழுதியிருந்தால், நூற்றுக்கு 64 பேர் தேறியது முழுக்கச் சிகிச்சையின் பெருமையாகவே ஆகியிருக்கும்.

அடுத்தது ஆள் கணக்கு. எங்கள் குழுவில் பதினான்கு பேர் சேர்ந்தோம். கடைசி நாளில் ஒன்பது பேர் இருந்தோம். பதாகையின் ‘பத்தில் ஒன்பது’ கடைசி நாள் வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. எங்கள் அப்பச்சி பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஊழியராக) இருந்தவர்கள். வராக்கடனை மறைத்துவிட்டு ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) போட்டுக் காட்டினால் முதலாளி பேரேட்டைத் தூக்கி எறிந்திருப்பார் என்று சொல்வார்கள். பாதியில் நின்ற ஐந்து பேரும் எங்கள் வராக்கடன். சேர்ந்த அத்தனை பேரையும் கணக்கில் வைத்தே முடிவு சொல்ல வேண்டும் என்பது மருத்துவ ஆய்வில் இன்று பொது விதி. வட்டிக்கடையில் அது எப்போதுமே விதி.

கிண்ணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்காம் வாரத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் வெண்கல ஒலிக்கிண்ணம் ஒன்றைத் தட்டி, அந்த அதிர்வு மூளை அலையைச் சீராக்குகிறது என்றார்கள். வேண்டுவோர் ரூ. 3,500க்கு வாங்கிக்கொள்ளலாம். ஜெரால்ட் ரோசன், ஜெரால்ட் டேவிசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் இதற்கு ஓர் அழகான கற்பனை உதாரணம் சொன்னார்கள். அச்சத்துக்குப் பலன் தரும் பழைய சிகிச்சையையே ஒருவர் கொடுக்கிறார். கூடவே நோயாளியின் தலையில் ஊதா நிறத் தொப்பி ஒன்றை மாட்டிவிடுகிறார். நோயாளி தேறுகிறார். உடனே ‘ஊதாத் தொப்பிச் சிகிச்சை’ நிரூபணமாகிவிட்டது என்று விற்கத் தொடங்கினால் என்ன சொல்வது? படுக்கை நேர விதிகளை மட்டும் ஒரு குழுவுக்கும், விதிகளோடு கிண்ணத்தையும் இன்னொரு குழுவுக்கும் கொடுத்துப் பார்க்கும்வரை, கிண்ணம் தொப்பிதான். ஓசை இனிமையானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாங்கவில்லை.

இதையெல்லாம் கடைசி நாளன்று உளவியலாளரிடமே சொன்னேன். “சார், நீங்களே இப்போ நல்லாத் தூங்குறீங்கதானே, அப்புறம் என்ன சார் சந்தேகம்?” என்று சிரித்தார். நல்ல கேள்விதான், நோயாளியாக எனக்கு அது போதும், பதாகைக்குப் போதாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த குழுவிலிருந்து படிவத்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, அலுவலகத்தில் வேறொருவர் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களிடமும் அதே ஆறு வார இடைவெளியில் படிவம் வாங்கலாமே என்றதைக் குறித்துக்கொண்டார். பாதியில் நின்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு மட்டும் தயக்கம் காட்டினார். போனவர்களைத் தொந்தரவு செய்வது சரியில்லை என்பது அவர் எண்ணம்.

அந்த ஐந்து பேரில் மூவரின் எண் என்னிடம் இருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால் நானே கூப்பிட்டேன். அவர்களுக்குப் பலன் இல்லை, அதனால்தான் நின்றுவிட்டார்கள் என்று எனக்குள் முடிவே கட்டியிருந்தேன். ஒருவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியவில்லை என்றார். தேவகோட்டை ஆச்சி ஒருவர், “மூணாம் வாரமே தூக்கம் வந்துருச்சு தம்பி, அதுக்கு மேல பஸ்ஸுக்கு எதுக்குத் தெண்டம்?” என்றார்கள். மூன்றாமவர் இன்னும் போனை எடுக்கவில்லை.