வக்கீல் குமாஸ்தா படித்த மூன்றாண்டு எல்.எல்.பி. – என் மதிப்பீடு

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி மகள் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். "அக்கா, பாராலீகல் டிகிரியாம். வீட்டிலிருந்தே படிக்கலாமாம். சேரட்டுமா?" என்று கேட்டிருந்தாள். வக்கீலுக்குச் சட்ட வேலைகளில் உதவி செய்பவரைத்தான் பாராலீகல் என்கிறார்கள். அவளுக்கு எழுத உட்கார்ந்த பதில் நீண்டுவிட்டது. இதே யோசனையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஆறு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். பி.ஏ. வரலாறு முடித்தவள். 2022-ல் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர்ந்து 2025-ல் முடித்தேன். கறுப்புக் கோட்டு போட வேண்டும் என்ற ஆசையில் சேரவில்லை. அதுவரை கைப்பழக்கமாகச் செய்துவந்த வேலையைப் புரிந்து செய்ய வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சட்டப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே என் வேலைக்குப் பாராலீகல் என்றுதான் பெயர்.

முதலில் அந்த விளம்பரம். அதிலிருந்த எண்ணுக்கு நானே பேசினேன். இந்தப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். அப்படியானால் இதைப் பார்த்து யார் வேலை தருவார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. இன்றைக்கே பணம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் பாராலீகல் என்பது தனித் தொழில். அதற்கென்றே இளங்கலைப் பட்டம் இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அப்படிப்பட்ட படிப்புகளைப் பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. படித்து வருபவர் ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஆவணங்களைத் தயாரிப்பார், தீர்ப்புகளைத் தேடி எடுப்பார். கட்சிக்காரருக்குத் தானாகச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. நம் ஊரில் இந்த வேலையைக் காலங்காலமாகப் பார்த்துவருபவர் வக்கீல் குமாஸ்தா. அதற்குப் பட்டம் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேரவும் பட்டம் தேவையில்லை. 2009-ல் தொடங்கிய திட்டம் அது. பயிற்சியை அவர்களே தருகிறார்கள். ஆனால் அது சேவை, மாதச் சம்பளம் கிடையாது. இவை தவிர இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பாராலீகல் பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. பட்டம்தான் வேண்டும் என்றால் இங்கே செல்லுபடியாவது எல்.எல்.பி.தான். டிகிரி முடித்தவருக்கு மூன்று வருடம், பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்து வருடம்.

இனி படிப்புக்கு வருகிறேன்.

எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படித்தால், சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஏற்காது. மாலைக் கல்லூரியும் கிடையாது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, 70 சதவீத வருகை என்று விதியே இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாம், வருகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். எனக்குக் கலந்தாய்வில் வெளியூர்க் கல்லூரிதான் கிடைத்தது. தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, அங்கே இடம் கிடைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை, எங்கே போவதென்றாலும் பஸ்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வெளியூர் பஸ்ஸில் உண்டு. குமாஸ்தா வேலையை விட்டேன். சனிக்கிழமைகளிலும் மே மாதக் கோர்ட் விடுமுறையிலும் மட்டும் ஆபீசுக்குப் போய் வழக்குக் கட்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மூன்று வருட வருமான இழப்பையும் சேர்த்துத்தான் இந்தப் படிப்பின் செலவைக் கணக்குப் போட வேண்டும்.

படிப்பில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. குமாஸ்தாவாக இருந்தபோது பர்கூர் பக்கத்திலிருந்து வயதான ஓர் ஆயா பாகப்பிரிவினை வழக்குப் போட வந்தார். அந்த வழக்குரை, அதாவது வழக்கைத் தொடங்கக் கொடுக்கும் மனு, மூன்று தடவை ரிட்டர்ன் ஆனது; குறையைத் திருத்தச் சொல்லிக் கோர்ட் திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை, மதிப்பீடு சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆயா பஸ் ஏறி வந்து வராந்தாவில் காத்திருப்பார்.

நாலு வருடம் கழித்து அந்தத் தாளின் வகுப்பில் 1955-ஆம் வருடத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தை எடுத்தார்கள். அதில் 37-ஆம் பிரிவு. வழக்குப் போடுகிறவர் சொத்தைக் கூட்டாக அனுபவித்துவந்தால் நிலையான ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தால் அவருடைய பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் எனக்கு அந்த வழக்குரை அப்படியே ஞாபகம் வந்தது. ஐந்தாவது பத்தியில், தம்பிகள் நிலத்துக்குள் காலெடுத்து வைக்கவே விடுவதில்லை என்று எழுதியிருந்தோம். கட்டணப் பத்தியில், கூட்டு அனுபவத்தில் இருக்கிறார் என்று சொல்லி நிலையான கட்டணம் கட்டியிருந்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதைத்தான் கோர்ட் ஆபீஸ் சுட்டிக்காட்டியிருக்கிறது. மூன்று ரிட்டர்னும் கையில் இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே ஆயா ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு வருமா?" "சாரைக் கேளுங்க ஆயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். குடும்பச் சட்டத் தாளில்தான் விவரம் தெரிந்தது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. 9.9.2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றைக்கும் யாராவது கேட்டால் "சாரைக் கேளுங்க" என்றுதான் சொல்வேன், அதுதான் முறை. ஆனால் சாரிடம் கூட்டிப் போவதற்கு முன்னால், 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும்; அப்படி முன்பே முடிந்த பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வாரிசுச் சான்று எல்லாம் எடுத்து வரச் சொல்லத் தெரியும். ஒரு பாராலீகலுக்கு இந்தப் படிப்பு கொடுப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மற்ற தாள்களில் அரசியலமைப்புச் சட்டம் அருமை. சட்டக் கோட்பாட்டியல் எனக்கு ஒட்டவே இல்லை, மனப்பாடம் செய்துதான் தேறினேன்.

குறை என்று சொன்னால் செய்முறைத் தாள்கள். பார் கவுன்சில் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆவணம் எழுதுதல், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றமும் களப்பயிற்சியும். பாராலீகல் ஆக நினைப்பவருக்கு இவைதான் உயிர். நான் படித்த இடத்தில் ஆவணம் எழுதும் தாள் என்றால் முந்தைய வருட மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுவது. எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் ஆபீசில் எழுதிய வழக்குரைகளில் முக்கால்வாசி தமிழ். ஒரு வக்காலத்தை எப்படி நிரப்புவது, சம்மன் அனுப்பப் பேட்டா எப்போது கட்டுவது, நகல் மனு எப்படிப் போடுவது என்று ஒருவரும் காட்டவில்லை. களப்பயிற்சி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். என் வகுப்பில் பாதிப் பேர் தெரிந்த வக்கீலிடம் கையெழுத்து மட்டும் வாங்கி ஒப்படைத்தார்கள், கல்லூரியும் வாங்கி வைத்துக்கொண்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். நாளைக்கு கோர்ட் வாசலில் அவர்கள்தானே திணறப்போகிறார்கள்?

படிப்பின் நடுவில் 1.7.2024 அன்று குற்றவியல் சட்டங்கள் மாறின. வாங்கிய புத்தகங்கள் பழையதாகிவிட்டன. மோசடிக்கான 420 இப்போது 318-க்குள் போய்விட்டது, கொலைக்கான 302 என்பது 103. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அதனால் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 29.9.2023 அன்று வாச்சாத்தி வழக்கில் அதிகாரிகளின் மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அங்கே பழங்குடி மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றைக்கு நாங்கள் விடுதியில் உட்கார்ந்து தேதிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். பத்தொன்பது வருட விசாரணை! எத்தனை வாய்தா, எத்தனை வாக்குமூலம், எத்தனை கட்டு! அந்தப் பெண்கள் அத்தனை வருடமும் சொல்லை மாற்றாமல் நின்றார்கள். அந்தக் காகிதங்களையும் யாரோ ஒரு தாள் தொலையாமல் காத்திருக்கிறார்கள். குமாஸ்தா வேலையை நான் அதற்கு முன் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

வேலை விஷயத்தில் ஒன்று முக்கியம். வக்கீலாகப் பதிவு செய்துவிட்டால் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, பார் கவுன்சில் விதி அது. கம்பெனியில் பாராலீகலாக இருக்க நினைத்தால் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு மனம் மாறினால் வேலையை விட்டுவிட்டுப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். ஆபீசில் ஆறு வருடம் இருந்துவிட்டுப் போனதால் எனக்கு மூன்றரை. கோர்ட்டே பார்க்காமல் நேராகப் போனால் இரண்டு கூட தேறாது. படிப்பதற்கு முன் ஒரு சில மாதமாவது ஒரு வக்கீல் ஆபீசில் உட்காருங்கள். எந்தப் பாடம் எதற்கு என்று அப்போதுதான் பிடிபடும்.

சித்தி மகளை அந்த விளம்பரத்தில் சேர விடவில்லை. ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, என் பழைய ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். ஒரு மாதமாகப் போய்வருகிறாள். நேற்று முதன்முதலாக ஒரு நகல் மனு எழுதியிருக்கிறாள். வழக்கு எண்ணில் வருடத்தை மாற்றிப் போட்டதால் ரிட்டர்ன் வந்துவிட்டதாம். "அக்கா, எதுக்குன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. நானே படிச்சுத் திருத்திட்டேன்" என்று இரவு போனில் சொன்னாள்.