ஜப்பானில் முத்திரைப் பதிவு: முதலில் பெயர், பிறகுதான் முத்திரை

காணி உறுதி என்றால் எங்களுக்கு நொத்தாரிசு, இரண்டு சாட்சி, கையெழுத்து. ஜப்பானில் அந்த இடத்தில் சின்னிவிரல் அளவான ஒரு வட்ட முத்திரை நிற்கிறது. நகரசபையில் பதிந்த அந்த முத்திரைக்கு ஜித்சுயின் என்று பெயர். அங்கே வேலைக்குப் போய் வீடு வாங்கும் அளவுக்கு வந்துவிட்ட யாழ்ப்பாணப் பிள்ளைகள் கட்டாயம் சந்திக்கும் சேவை இது. நகரசபைக் கவுண்டரைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. கடதாசி சரியாக இருந்தால் அன்றைக்கே அலுவல் முடியும். எங்கள் ஆட்கள் சறுக்குவது கவுண்டருக்கு வரமுதலே, பெயரில்.

பதியக்கூடியவர் 15 வயது நிரம்பியவராகவும் அந்த நகரசபையின் வதிவாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவராகவும் இருக்கவேண்டும். 2012 ஜூலை 9 முதல் நீண்டகால விசாவில் இருக்கும் வெளிநாட்டவரும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். மகனிடம் இரண்டு மாதம் விசிட் விசாவில் போன தகப்பனால் பதிய முடியாது.

இனிப் பெயர். வதிவிட அட்டையில் பாஸ்போட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கும். முத்திரையில் அதே ஆங்கில எழுத்தை வெட்டலாம். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கட்டாகானாவில் வெட்டுவதானால், அந்தக் கட்டாகானாப் பெயர் முதலில் வதிவாளர் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் ஏறவேண்டும். தமிழ் எழுத்தில் வெட்டிய முத்திரை எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள், பதிவேட்டில் தமிழ் எழுத்து இல்லை.

நாங்கள் தகரத்துக்கு ஆங்கிலத்தில் ரி-எச் போடுகிறோம். ஜப்பானியர் ரி-எச் கண்டால் சகர வரிசையில் வாசிப்பது வழக்கம். தர்ஷன் என்ற பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் சர்ஷன் ஆகிவிடுவான். கொம்பனிக்காரர் திறந்து கொடுத்த வங்கிக் கணக்கில் ஏற்கெனவே அப்படி விழுந்திருக்கவும் கூடும். ஜப்பானிய ‘தா’ எழுத்து பல்லில் நாக்குப் படச் சொல்வது, எங்கள் தகரத்துக்கு மிகக் கிட்ட. அதையே கேட்டு எடுங்கள். ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் அங்கே ஒரே வரிசைதான், அதில் மனவருத்தப்பட்டுப் பயனில்லை. ஆனால் வங்கியிலும் நகரசபையிலும் கடன் விண்ணப்பத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். வேறுபட்டால் வீட்டுக் கடன் நேரத்தில் ஒவ்வொரு இடமாகத் திருத்தித் திரியவேண்டி வரும்.

நீளம் அடுத்த சிக்கல். சிவபாலசுப்பிரமணியம் கட்டாகானாவில் ஏறக்குறைய பன்னிரண்டு எழுத்து. அதோடு சொந்தப் பெயரையும் சேர்த்து 15 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் வெட்டினால் கோடுகள் ஒட்டி, அடிக்கும்போது சிவப்புப் பொட்டாகத்தான் தெரியும். முழுப்பெயர் தேவையில்லை. குடும்பப் பெயர் மட்டும், அல்லது சொந்தப் பெயர் மட்டும் போதும். எது குறைவோ அதை எடுங்கள். தொழில், பட்டம் எதையும் சேர்க்கக் கூடாது.

முத்திரையின் முகம் 8 மில்லிமீற்றர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்கவேண்டும். கடைகளில் 15, 16.5, 18 மில்லிமீற்றர் விட்டத்தில் கிடைக்கும். எங்கள் பெயர்களுக்கு 18 நல்லது. யாழ்ப்பாண நகரத்தில் மலிவாகச் செய்யும் றப்பர் ஸ்டாம்ப் உதவாது. றப்பர் அமத்தினால் நெளியும், நெளிந்தால் அடையாளம் மாறும். மை உள்ளேயே இருக்கும் முத்திரைக்கும் அதே காரணத்தால் மறுப்பு. விளிம்பு உடைந்த முத்திரையையும் ஏற்கமாட்டார்கள். ஒரு முத்திரையைப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து பதியவும் முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

பொருளில் மூன்று வகை பார்க்கலாம். ட்சுகே எனும் மரம் மலிவு, ஆனால் சிவப்பு மையின் எண்ணெயை உறிஞ்சி, காலப்போக்கில் விளிம்பு மெலியும். எருமைக் கொம்பு அழகு, ஏசிக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து வெடிக்கக்கூடும். டைட்டேனியம் விலை கூட, ஆனால் தேயாது. வீட்டுக் கடன் முப்பது வருடத்துக்கு மேலும் ஓடும் என்பதால் எங்கள் தெரிவு டைட்டேனியம். யானைத் தந்தம் வேண்டவே வேண்டாம், ஊருக்குக் கொண்டுவர முடியாது. எதை வாங்கினாலும் கட்டாகானாப் பெயர் பதிவேட்டில் ஏறிய பிறகு ஓடர் கொடுங்கள். வெட்டிய எழுத்தைத் திருத்த வழியில்லை.

கவுண்டருக்கு முத்திரையும் வதிவிட அட்டையும் கொண்டு நேரில் போங்கள். படமுள்ள அடையாள அட்டை இருந்தால் அன்றே பதிவு. வேறு ஆளை அனுப்பினால் வீட்டுக்கு விசாரணைக் கடிதம் தபாலில் வரும், பதிலை நிரப்பித் திரும்பக் கொடுக்கவேண்டும், நாட்கள் போகும். முடிந்ததும் ஒரு பதிவு அட்டை தருவார்கள். பதிந்த முத்திரை உங்களுடையதுதான் என்று நகரசபை தரும் சான்றிதழை எடுக்க அந்த அட்டைதான் தேவை, முத்திரை அல்ல. ஆகவே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சான்றிதழ் பெரும்பாலும் 200 – 300 யென். ‘மை நம்பர்’ (My Number) எனும் தனிநபர் இலக்க அட்டை இருந்தால் பல ஊர்களில் கொன்பினி எனும் சிறு பலசரக்குக் கடை இயந்திரத்திலேயே எடுக்கலாம்.

எல்லா வீட்டுக் கடதாசிக்கும் ஜித்சுயின் வேண்டும் என்று நினைக்கவேண்டாம். காசு கொடுத்து வாங்குபவரின் உரிமைப் பதிவுக்கு முகவரிச் சான்றுதான் முக்கியம். வங்கிக் கடனில் வாங்கி வீட்டை ஈடு வைப்பவருக்கும், வீட்டை விற்பவருக்கும் ஜித்சுயினும் சான்றிதழும் கட்டாயம். பதிவுக்குக் கொடுக்கும் சான்றிதழ் எடுத்து மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். வங்கியும் தனக்கொன்று கேட்கும் என்பதால் இரண்டாக எடுங்கள், ஆனால் வெள்ளனவே எடுத்து வைக்காதீர்கள். 2024 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு உரிமையாளரின் ஆங்கில எழுத்துப் பெயரும் காணிப் பதிவேட்டில் சேர்கிறது, எனவே பாஸ்போட் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அடிப்பதிலும் ஒரு கை இருக்கிறது. கடதாசிக்குக் கீழே மெத்தென்ற தட்டு வைத்து, சிவப்பு மையை மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்து, நேராக வைத்து நாலு பக்கமும் லேசாகச் சாய்த்து அமத்தி, நேரே மேலே தூக்குங்கள். மங்கினால் அதன் மேல் திரும்ப அடிக்காமல் பக்கத்தில் புதிதாக அடிக்கவேண்டும். அடித்ததும் மையைத் துடைத்து வையுங்கள். ஓரத்தில் வெறுமனே ஒரு முத்திரை கேட்பார்கள், அது சுதேயின். பின்னர் பிழை திருத்த முன்கூட்டியே கொடுக்கும் அனுமதி. பதிவு அலுவல் பார்க்கும் ஷிஹோ-ஷோஷிக்குக் கொடுப்பது வழக்கம். தரகருக்கோ கடன் கொடுத்த தனியாருக்கோ கொடுக்காதீர்கள்.

வேறு நகரசபை எல்லைக்கு வீடு மாறினால் பதிவு தானாக இரத்தாகும், புது இடத்தில் திரும்பப் பதியவேண்டும். விசாக் காலம் முடிந்தாலும், நாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தாலும் இதே கதிதான். ஊருக்குத் திரும்பிய பிறகு அங்குள்ள வீட்டை விற்க முத்திரை உதவாது. வெளிநாட்டவர் முத்திரைக்குப் பதிலாகக் கையெழுத்திடலாம் என்று 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கையெழுத்தைச் சொந்த நாட்டு நொத்தாரிசு அல்லது தூதரகம் ஒரு சத்தியக் கடதாசியில் உறுதிப்படுத்தி, ஜப்பானிய மொழிபெயர்ப்பும் இணைக்கவேண்டும். நொத்தாரிசிடம் போகமுதல் ஷிஹோ-ஷோஷியிடம் வாசகத்தின் மாதிரியைக் கேட்டு எடுங்கள். காணிப் பதிவேட்டில் ஜப்பான் முகவரியும் சத்தியக் கடதாசியில் யாழ்ப்பாண முகவரியும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, பழைய நகரசபை தரும் நீக்கப்பட்ட வதிவுப் பதிவின் பிரதியும் தேவைப்படும்.