முத்தையன்கட்டுக் காட்டோரத்தில் அரைநாள் சைக்கிள் ஓட்டம்

வட இலங்கையில், மலையே இல்லாத வன்னியில் மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்டுக்கொண்டுதான் போனேன். ஒட்டுசுட்டான் பக்கத்து இளைஞர்கள் சிலர் வாடகைக்கு வண்டி கொடுத்து, வழிகாட்டியாகக் கூடவும் வந்து, முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய காட்டோரப் பாதைகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அரைநாளுக்கு ஆளுக்கு 3500 ரூபாய். குளக்கட்டின் கிறவல் முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, ரயர்களில் காற்றைச் சிறிது இறக்கிவிட்டார். அதன்பின் சில்லு புதையவில்லை; அகன்ற ரயரின் பயனும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வண்டியில்தான் குறை. எனக்குத் தந்தது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி. நாம் பழகிய சைக்கிள்களில் முன்பிரேக் வலக்கையில் இருக்கும். இதில் இடக்கையில் இருந்ததை யாரும் சொல்லவில்லை. குளக்கட்டுச் சரிவில் பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கியதும் பின்சில்லு மேலே கிளம்பிவிட்டது. கைபிடிக்கு மேலால் போய் விழாமல் தப்பியது அருந்தப்பு. தலைக்கவசமும் ஒரே அளவில்தான் வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு அது கண்வரை இறங்கியது.

ஆனால் பாதையில் நடந்துகொள்ளும் முறையை அவர்களிடம்தான் கற்க வேண்டும். நடப்பவருக்கு வழிவிடுவதும், ஏறி வருபவருக்காக இறங்குபவர் ஒதுங்குவதும் மலைச் சைக்கிள் ஓட்டுவோர் எங்கும் கைக்கொள்ளும் வழக்கம். இங்கே அது இன்னும் நுணுக்கமானது. பாலைப்பழக் காலமாகையால் பெண்கள் வாளிகளோடு அதே ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டி முப்பது அடிக்கு முன்பே மணியை ஒருமுறை மட்டும் அடித்து, “அம்மா, பின்னால நாலு சைக்கிள் வருது, ஆறுதலாய்ப் போங்கோ” என்று சொல்லி, இறங்கி உருட்டினார், நாங்களும் உருட்டினோம். மாட்டுப் பட்டி எதிர்ப்பட்டபோது அந்த மணியும் இல்லை. கன்று வெருண்டால் பட்டி சிதறிவிடும் என்பதால், மேய்ப்பவர் கையசைக்கும்வரை பேசாமல் நின்றோம்.

நீர் தேங்கிய இடத்தைச் சுற்றிப் போகக் கூடாது, நடுவாலேயே ஓட்ட வேண்டும், முடியாவிட்டால் இறங்கித் தூக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. ஓரத்தால் ஓட்ட ஓட்டப் பாதை அகன்று மண் அரிபடும் என்பது பிற நாடுகளிலும் சொல்லப்படும் காரணம். மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த வன்னி மக்களுக்கு, மிதித்துப் பழகிய தடத்தை விட்டு விலகாதிருக்க வேறு காரணமும் உண்டு. மாரியில் ஈர மண் கிழியும் என்று ஐப்பசி முதல் தை வரை ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்களாம்.

திரும்பும் வழியில், பாதை நடுவே ஆவி பறக்கும் யானை இலத்தி கிடந்தது. வழிகாட்டி அதைப் பார்த்ததும் ஒரு சொல்லும் பேசாமல் கையைத் தூக்கி, வந்த வழியே எங்களைத் திருப்பினார். இதனால் குளத்தின் மறுகரையைப் பார்க்க முடியவில்லை. கூட வந்த ஒருவர் கட்டணத்தில் பாதியைக் கேட்கலாமா என்று முணுமுணுத்தார். நான் முழுப் பணத்தையும் மனநிறைவோடுதான் கொடுத்தேன். போகிறவர்கள் விடியற்காலை ஓட்டத்தைக் கேளுங்கள், ஒன்பது மணிக்குப் பின் மணல் சுடும். பிள்ளைகளுக்குத் தலைக்கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஏறமுன் எந்தக் கையில் எந்தப் பிரேக் என்று இழுத்துப் பாருங்கள்.