சிப்பிங் கேம்ப்டன்: ஊருக்கு அரை நாள், தோட்டங்களுக்கு ஒரு நாள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே நாளில் ஐந்து ஊரைப் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். மஞ்சள் கல் வீடு, ஒரு டீ, நாலு படம், மறுபடி கார். க்ளாஸ்டர்ஷையரின் வடகோடியில் இருக்கும் சிப்பிங் கேம்ப்டனை அப்படிப் பார்ப்பது வீண். ஊரிலிருந்து சுமார் நான்கு மைலில் ஹிட்கோட், கிஃப்ட்ஸ்கேட் என்ற இரண்டு தோட்டங்கள், ஒரு சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. ஊருக்கு அரை நாள், தோட்டங்களுக்கு ஒரு முழு நாள், நடுவில் ஓர் இரவுத் தங்கல் என்று வைத்துக்கொண்டால் எதையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம்.

‘சிப்பிங்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. கம்பளி வியாபாரத்தில் கொழித்த ஊர். ஹை ஸ்ட்ரீட் நடுவில் நிற்கும் சந்தை மண்டபத்தை 1627இல் கட்டிக்கொடுத்தவர் பணக்கார வணிகர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். அது கம்பளிக்காகக் கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது. உள்ளே போனால் முதலில் தரையைப் பாருங்கள். கற்கள் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து கிடக்கும். ஹீல்ஸ் செருப்போடு நடந்தால் கணுக்கால் பிசகும். 102 மைல் நீளமுள்ள காட்ஸ்வோல்ட் வே நடைபாதை பாத் நகரை நோக்கிப் புறப்படுவதும் இங்கிருந்துதான்.

அதே தெருவில் க்ரெவெல் ஹவுஸ். 1380 வாக்கில் கட்டியது. இரண்டு மாடி உயரத்துக்கு வெளித்தள்ளிய ஜன்னலும் சூரியக் கடிகாரமும் அதன் அடையாளம். ஆட்கள் குடியிருக்கும் வீடு, கதவைத் தட்டாதீர்கள். வீட்டுக்காரரான கம்பளி வணிகர் வில்லியம் க்ரெவெலைச் சந்திக்க வேண்டுமானால் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்குப் போக வேண்டும். 1401இல் இறந்த அவருடைய உருவம் பித்தளைத் தகட்டில் தரையில் பதிந்திருக்கிறது. போகிற வழியில், ஹிக்ஸ் 1612இல் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய தரும வீடுகள் வரிசையாக நிற்கும். எதிரே சாலையோரம் ஒரு கல் பள்ளம். குப்பைக் குழி இல்லை, வண்டி கழுவிய இடம். வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினால் சேறும் போகும், காய்ந்த மரச் சக்கரமும் ஊறி இறுகும்.

ஷீப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய பட்டு ஆலையைத் தவறவிடாதீர்கள். 1902இல் வடிவமைப்பாளர் சி. ஆர். ஆஷ்பி கிழக்கு லண்டனிலிருந்து தன் கைவினைஞர் சங்கத்தை மொத்தமாக இங்கே கொண்டுவந்தார். ஆறே ஆண்டில் சங்கம் நொடித்துப்போனது. ஆனால் அதில் இருந்த ஹார்ட் குடும்பம் அதே கட்டடத்தில் இன்றும் வெள்ளி வேலை செய்கிறது. பட்டறையின் கூரையிலிருந்து பழைய பில் கட்டுகள் கம்பியில் கோத்துத் தொங்குவதைப் பாருங்கள். பல பத்தாண்டுக் கணக்கு தலைக்கு மேலே தூசியேறிக் கிடக்கிறது. வேலை நாளில், வேலை நேரத்தில் போனால்தான் சுத்தியல் சத்தத்தோடு பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி தோட்டங்கள். முதலில் ஹிட்கோட், காலையில் திறந்த உடனே. இந்தத் தோட்டத்தை உருவாக்கிய லாரன்ஸ் ஜான்ஸ்டனின் தாயார் 1907இல் வாங்கிய பண்ணை. மேட்டு நிலம், காற்று அடித்துத் தள்ளும். அதனால்தான் ஜான்ஸ்டன் யூ, ஹாலி, பீச், ஹார்ன்பீம் மரங்களைச் சுவர்போல் வளர்த்து, தோட்டத்தை அறை அறையாகத் தடுத்தார். வெறும் அழகுக்கு என்று நினைத்தால் தோட்டம் பாதிதான் புரியும். உயிர்வேலிக்குள் நின்றால் காற்று சட்டென்று அடங்கும், லாங் வாக் புல்வெளிக்கு வந்தால் மறுபடி முகத்தில் அறையும். 1948இல், பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. வீட்டுக்காக அல்லாமல் தோட்டத்துக்காகவே எடுத்துக்கொண்டது என்பதுதான் விசேஷம்.

குறையும் இருக்கிறது. அறைகள் சிறியவை, வாசல்கள் குறுகல். சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் குளத்தோட்டத்தில் நின்று பார்க்க இடம் இருக்காது. ரெட் பார்டர்ஸ் என்ற செம்பாத்திகள் ஜூலைக்குப் பிறகுதான் நிறம் ஏறும். மே மாதம் போய்விட்டு “ஒன்றுமே இல்லையே” என்று குறைப்படுவது நியாயமில்லை. கூட்டம் தெரிந்தால் நடுவிலுள்ள அறைகளைப் பிற்பாட்டுக்கு விட்டு, நேராக லாங் வாக் கோடிக்குப் போய்த் திரும்பி வாருங்கள்.

மதியத்துக்குக் கிஃப்ட்ஸ்கேட். இது ஒரு குடும்பத்தின் தோட்டம். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை செல்லாது, தனி டிக்கெட். குளிர்காலத்தில் திறப்பதில்லை, பருவத்திலும் வாரத்தின் எல்லா நாளும் கிடையாது, காலையிலும் இல்லை. ஹிட்கோட்டை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். கிளம்பும் முன் அந்த மாதத்து நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெதர் மியூர், அவர் மகள் டையனி பின்னி, பேத்தி ஆன் சேம்பர்ஸ் என்று மூன்று தலைமுறைப் பெண்களின் கை பட்ட இடம். ஹிட்கோட்டில் திட்டம் தெரியும். இங்கே செடிகளின் இஷ்டம் தெரியும். இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நம் ஓட்டு கிஃப்ட்ஸ்கேட்டுக்கு. மேல் தோட்டம் சமதளம். கீழ்த் தோட்டம் செங்குத்துச் சரிவு, அடியில் அரைவட்டக் குளம். அங்கிருந்து ஈவ்ஷாம் பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டியவரை விரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்ளலாம். பழைய டென்னிஸ் மைதானத்தில் அமைத்த நீர்த்தோட்டமும் மேலேதான் இருக்கிறது. கறுத்த நீருக்கு மேல் பொன் பூசிய வெண்கல இலைகள் தண்டுகளில் ஆடும், அவற்றின் நுனியிலிருந்து நீர் சொட்டும்.

தோட்டத்தின் பெயரையே சுமக்கும் கிஃப்ட்ஸ்கேட் ரோஜா ஒரு கொடி, மரத்தின் மேலேறி 60 அடியைத் தாண்டும். ஆண்டுக்கு ஒரே முறை, ஜூன் கடைசி, ஜூலையில்தான் பூக்கும். அதற்காகவே வருகிறவர்கள் தேதியை அதற்கேற்ப வையுங்கள். நாற்றாகப் பார்த்தால் சாதுவாக இருக்கும். சின்ன வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கினால் சில வருடத்தில் கொட்டகையை விழுங்கிவிடும்.

போக்குவரத்து: கேம்ப்டனில் ரயில் நிலையம் இல்லை. லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் வரை ரயில், சுமார் ஒன்றரை மணி நேரம் சொச்சம், அங்கிருந்து பேருந்து. செவ்வாய்க்கிழமை வந்தால் மோர்ட்டனில் வாரச்சந்தை இருக்கும். ஞாயிறு பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள். தோட்ட வாசல் வரை பேருந்து கிடையாது. மிக்கிள்டன் கிராமத்தில் இறங்கி ஒரு மைலுக்கு மேல் ஏற்றத்தில் நடக்க வேண்டும், இல்லையென்றால் டாக்ஸி. டாக்ஸி என்றால் திரும்பும் நேரத்தையும் சேர்த்து முந்தின நாளே சொல்லிவையுங்கள், சாலையில் நின்று கைகாட்டிப் பிடிக்கிற கதை அங்கே நடக்காது. காரில் போகிறவர்களுக்கு, கடைசிப் பாதை ஒற்றை வண்டி அகலம். எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.