பேசிப் பார்ப்பதா, பேப்பர் போடுவதா?

தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் நண்பர்கள் மே மாதம் வந்தாலே கேட்பது இதைத்தான்: கல்லூரியில் பிரச்சினை என்றால் மேலிடத்தில் பேசிப் பார்ப்பதா, ராஜினாமா செய்வதா? நானும் அப்படி ஒரு கல்லூரியை விட்டு வந்தவன். சம்பளம் காரணமில்லை, ஸ்டாஃப் மீட்டிங்கில் அட்மிஷன் டார்கெட் (ஆசிரியர்களே இத்தனை மாணவர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்ற இலக்கு) பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அடுத்த வாரமே சனிக்கிழமை லேப் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

செலவு
பேசினால்: காசு போகாது, டைம்டேபிள் மாறும்.
பேப்பர் போட்டால்: நோட்டீஸ் காலச் சம்பளம் போகலாம், அப்புறம் அடகு வைத்த நகை மாதிரி கல்லூரியிடம் கிடக்கும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை மீட்க அலைய வேண்டும்.

நேரம்
பேசினால்: பலன் தெரிய ஒரு செமஸ்டராவது ஆகும்.
விலகினால்: செமஸ்டர் முடிவுதான் சரி.

பணிச்சுமை, லீவு மாதிரி விஷயம், ஹெச்ஓடியும் (துறைத் தலைவர்) காது கொடுப்பவர் என்றால் பேசுங்கள், ஆனால் தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். எல்லார் முன்னாலும் கத்துவதே பழக்கமாகிவிட்ட துறை என்றால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கிளம்புங்கள்.

பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் கணக்கே வேறு. இருந்தாலும் விலகினாலும், 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.