மேசன் அயர்ன்ஸ்டோன் டின்னர் செட்: நீலம் அப்படியே இருக்கிறது, தங்கம் போய்விட்டது

ஜப்பான் பாணிப் பூ வேலை செய்த பழைய மேசன் டின்னர் செட் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, கனம் என்றால் கனம். மூடி போட்ட சூப் பாத்திரத்தை வெறுமனே தூக்கவே இரண்டு கையும் வேண்டும்.

சார்ல்ஸ் ஜேம்ஸ் மேசன் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷரில் 1813-இல் காப்புரிமை வாங்கிய, அயர்ன்ஸ்டோன் என்ற கெட்டியான பீங்கான் வகைச் சரக்கு இது. அவருடைய அப்பா மைல்ஸ் லண்டனில் சீனப் பீங்கான் விற்றவர். கிழக்கிந்தியக் கம்பெனி 1791-இல் அதை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திய பிறகு, தானே பீங்கான் செய்ய இறங்கியவர். மகன் அதையே கெட்டியாக, விலை குறைவாகக் கொடுத்தார். அலங்காரம் ஜப்பானின் இமாரிப் பீங்கானைப் பார்த்துச் செய்தது: அடர் நீலம், காவிச் சிவப்பு, தங்கம்.

ஒரு தட்டை விரலால் தடவிப் பாருங்கள். நீலம் வழுவழுவென்று இருக்கும், ஏனென்றால் அது மெருகுக்கு, அதாவது மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சுக்கு, அடியில் இருக்கிறது. சிவப்பும் தங்கமும் மெருகுக்கு மேலே ஏற்றியவை, அதனால் சிவப்பு விரலில் லேசாகத் தட்டுப்படும், தேய்வதும் முதலில் இவை இரண்டும்தான். என் செட்டில் சூப் தட்டுகளின் விளிம்பில் தங்கம் கிட்டத்தட்ட இல்லை. அச்சடித்த கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்பியிருக்கிறார்கள். அவசரத்தில் ஒரு பூவின் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, எனக்கு அந்தத் தட்டுதான் ரொம்பப் பிடிக்கும்.

குறை என்றால், 'பழுதில்லை' என்று சொல்லி விற்ற மூடியின் குமிழ் ஒட்டவைத்தது, மேலே பூசிய வண்ணம் மஞ்சளாகிவிட்டது. விற்றவரைக் கேட்டதற்கு, பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்! அப்புறம், அடியில் மேசன் முத்திரை இருப்பதாலேயே 1813-ஐ ஒட்டியது என்று நம்பிவிடாதீர்கள். மேசன் 1848-இல் திவாலானார், அச்சுகள் கைமாறின, ஆஷ்வொர்த் நிறுவனம் அதே வடிவங்களைப் பின்னாலும் செய்துகொண்டே இருந்தது. செட் முழுசு என்று விற்பதில் காலம் மாறிய தட்டுகள் கலந்திருக்கலாம், ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரம், மைக்ரோவேவ் இரண்டுக்கும் இது ஆகாது. அந்தக் கால மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கும் என்பதால் வினிகர், எலுமிச்சை சேர்ந்த எதையும் நான் இதில் வைப்பதில்லை. காட்சிக்கு வைக்க என்றால் சூப் பாத்திரமும் பெரிய இறைச்சித் தட்டும் போதும், முழு செட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.